தலையோடு வந்த பறவைகள்

டாக்கின்ஸ் துறை என்ற அந்தக் கடலோரச் சிற்றூரில் குளிர்காலத்தில் யார் என்ன சுட்டார்கள் என்பது முதலில் டல்சி ஹவுன்செலுக்குத்தான் தெரியும். பெண்டாட்டிக்குத் தெரியாதது, பாதிரியாருக்குத் தெரியவே கூடாதது எல்லாம் அவளுடைய கொட்டகைக்குத் தெரியும். ஆண்கள் படகைக் கட்டியதும் ரத்தம் சொட்டும் சாக்கோடு நேராக அங்கேதான் வருவார்கள். உள்ளே ஒரு விறகடுப்பு, நீளமான ஒரு தகர மேசை, ரப்பர் விரல்கள் முளைத்த ஒரு உருளை. உருளையைச் சுழலவிட்டு அதன்மேல் பறவையைக் காட்டினால் இறகு பொங்கிப் பறக்கும். மிச்சமிருக்கும் பூமயிரை ஊதுவிளக்கால் பொசுக்கி, வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, அலசிக் கொடுப்பாள். கூலி என்று எதுவும் பேசியதில்லை. போகும்போது மேசை மூலையில் ஒன்றிரண்டு பறவையை விட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் கைக்கு வரும் பறவைகளுக்குத் தலை இருக்காது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே எல்லாரும் சாப்பிடுவது டர் பறவையை. கருப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகக் கடலில் மிதக்கும்; சுடுவதற்கு அனுமதி உண்டு. அதே கருப்பும் வெள்ளையுமாக, கொஞ்சம் ஒல்லியாக, அதே கூட்டத்தில் டிங்கர் என்று இன்னொன்று நீந்தும். அதைச் சுட்டால் அபராதம், துப்பாக்கியும் போய்விடும். அலை ஏறி இறங்கும்போது, விரல் விறைத்திருக்கும்போது, எவ்வளவு தேர்ந்த கண்ணும் ஒருமுறை தவறும். அதனால் கரைக்கு வருமுன்பே எல்லாப் பறவைகளின் தலையையும் வெட்டிக் கடற்காகங்களுக்கு வீசிவிடுவது அந்தத் துறையின் பழக்கம். தலையில்லாத பறவைக்குப் பெயர் வைக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

டல்சிக்கு மட்டும் கையில் எடுத்ததுமே உறைக்கும்.

"இது கொஞ்சம் ஒல்லியா இருக்கே."

"டயட்ல இருந்துச்சு அத்தை."

"பாவம். யாரு சொல்லி இருந்துச்சோ." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மீன் தொழிற்சாலை மூடியபின், புருஷன் கார்லண்டும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபின், அவளுக்கு அந்த ஊரில் மிஞ்சிய மரியாதை அந்த உருளையால் வந்தது பாதி, மூடிய வாயால் வந்தது பாதி.

ஆனால் எந்த மனுஷிக்கும் தன்னைப் பற்றி ஒரு பெருமை இல்லாமல் இருக்காதே. டல்சிக்கு அது பறவையின் இரைப்பையில் இருந்தது. கத்தி நுனியால் கீறிப் பிதுக்கி, உள்ளே இருப்பதை விரலால் பரப்பிப் பார்ப்பாள். சிலவற்றில் வெள்ளி வெள்ளியாய்ச் செதிலும் நூல் போன்ற முள்ளும் இருக்கும். அது கேப்லின், விரல் நீள மீன். கூட்டம் கூட்டமாக விரிகுடாவுக்குள் அலைவது. வேறு சிலவற்றைத் திறந்தால் செக்கச்செவேலென்று கூழ் வழியும். இறாலின் தம்பி மாதிரிப் பொடிப்பூச்சிகள், நடுநடுவே தரையோடு தரையாகக் கிடக்கும் மண்டைபெருத்த குட்டி மீன்கள். அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். கார்லண்ட் சொல்லவில்லை, அவன் கொண்டுவந்த பறவைகள் சொல்லின. கடுங்குளிரில், பனிக்கட்டி தெற்கே இறங்கியபின், அவனும் படகுக் கூட்டாளி ஆம்ப்ரோஸ் வோக்கியும் வெளிக்கடலில் இருக்கும் ஓநாய்ப் பாறைகளுக்குப் போவார்கள். அங்கேயிருந்து வரும் பறவைகளை அறுத்தால் மேசையே சிவந்துவிடும். இலையுதிர் காலத்தில் பக்கத்துக் கடலில் சுட்டுவருபவை வெள்ளி. ஆக, வெள்ளி என்றால் விரிகுடா, சிவப்பு என்றால் பாறை. இந்தக் கணக்கை அவள் இத்தனை வருஷமும் யாரிடமும் சொன்னதில்லை. மனசுக்குள் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அரசாங்கம் ஓநாய்ப் பாறைகளைச் சுற்றிக் கோடு போட்டது. அதற்குள் துப்பாக்கியோடு போகக் கூடாது. முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் விலகினார்கள். கார்லண்ட் அதற்குள் செத்துப்போயிருந்தான். ஆம்ப்ரோஸ் தனியாகப் படகு ஓட்டினான். ஒவ்வொரு முறையும் சாக்கைக் கவிழ்த்ததும் பெரிதாக இரண்டைப் பொறுக்கி மேசை மூலையில் தள்ளுவான்.

"இது கார்லண்டோடது."

உனக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. செத்தவனுக்குப் படகில் இன்னும் உட்காரும் பலகை ஒன்று இருப்பதுபோல, பங்கும் இருந்தது. டல்சி அதைப் பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் வைத்து வாட்டி, ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். தனியாகச் சாப்பிடுவதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் மிரேய் என்ற பெண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். குளிர்காலத்தில் டர் பறவைகள் என்ன தின்கின்றன என்று ஆராய்கிறாளாம். இரைப்பைகளை எல்லாம் பையில் போட்டுத் தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். பூனைக்குப் போட்டதை இப்போது ஒரு படித்த பெண் கெஞ்சிக் கேட்கிறாள் என்றதும் டல்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. "எனக்குக் கொஞ்சம் தெரியும்மா, பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். மிரேய் அதைப் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

கடுங்குளிர் இறங்கி, காற்று ஊளையிட்டு ஒரு படகும் வெளியே போகாத ஒரு நாள், வேட் வந்தான். அவன் வனவிலங்கு அதிகாரி. ஆனால் பக்கத்துத் துறைப் பையன். அவன் அம்மாவும் டல்சியும் தொழிற்சாலையில் ஒரே மேசையில் மீன் அறுத்தவர்கள். சீருடையைப் பார்த்து வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"என்ன அத்தை, ஆபரேஷன் நடக்குதா?"

"வா மவனே. பூட்ஸைத் துடைச்சிட்டு வா. கெட்டில் அடுப்புமேலதான் இருக்கு, நீயே ஊத்திக்க."

டின் பாலைத் தாராளமாக விட்டுக் கலக்கிக்கொண்டு அவன் விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்தான். முந்தின நாள் பறவைகள் தகர மேசையில் மொட்டையாகக் கிடந்தன. கொஞ்ச நேரம் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினான். பிறகு சிரித்துக்கொண்டே, "அந்த மிரேய் பொண்ணு ஒரு கதை சொல்லுச்சு. வயித்தைப் பாத்தே பறவை எங்க மேஞ்சுச்சுன்னு நீங்க சொல்லிருவீங்களாமே?"

"சொல்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

"அதான பாத்தேன். செத்த மீனு செத்த மீனுதான். அதுல என்ன ஊர் பேரா எழுதியிருக்கு? எங்கம்மாகூடச் சொல்லும், டல்சி கொஞ்சம் அளப்பான்னு."

எல்லாவற்றையும் தாங்கியிருப்பாள். அந்தக் கடைசி வரி சுருக்கென்று குத்தியது. அளப்பாளா? கத்தியை எடுத்தாள். ஒரு இரைப்பையைக் கீறிப் பரப்பினாள்.

"இதப் பாரு. செதில் தெரியுதா? கேப்லின். உள்ளதான், விரிகுடா வாய்ல." பக்கத்துக் குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கீறினாள். சிவப்பு வழிந்தது. "இது? இது என்னன்னு உங்கம்மாவைக் கேட்டுச் சொல்லு பாப்போம்."

"என்ன அத்தை இது?"

"ஓநாய்ப் பாறை. வேற எங்கயும் இப்படி வராது. கார்லண்டு கொண்டாந்ததெல்லாம் உள்ள இப்படித்தான் இருக்கும். பறந்து வந்துச்சுன்னும் சொல்ல முடியாது. பாரு, பூச்சியோட கால்கூடக் கரையல. தின்னுக்கிட்டிருந்த எடத்துலயே அடிச்சிருக்கு. சத்தியமே பண்ணுவேன்."

வேட் கோப்பையைக் கீழே வைத்தான். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"நேத்து அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டுச்சுன்னு ஒரு கப்பல்காரங்க சொன்னாங்க" என்றான் மெதுவாக. அவன் கண் மேசையை விட்டு இறங்கித் தரையில் கிடந்த, அந்தப் பறவைகள் வந்த சாக்குக்குப் போனது. சாக்கின் வாயில் நீலக் கயிறு. நீலக் கயிறு யாருடையது என்று அந்தக் கடற்கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

டல்சி கத்தியைக் கீழே வைத்தாள். "பறவை பறக்குமில்ல வேட்..." என்றாள்.

"ஆமா அத்தை. பறக்கும்." எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். "டீ நல்லா இருந்துச்சு."

மறுநாள் காற்று அடங்கியது. ஆம்ப்ரோஸ் படகில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தபோது வேட் துறைமேடையில் வந்து நின்றான். டல்சி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை, ஆனால் அன்று பேசியதை ஊரே வரிவரியாகத் திரும்பச் சொன்னதால் கேட்டதுபோலவே ஆகிவிட்டது.

"நான் பாறைப் பக்கமே போகல, வேட். முனைக்கு வெளியதான் நின்னேன்."

"வயிறு வேற சொல்லுதே, ஆம்ப்ரோஸ் மாமா."

"யார் வயிறு?"

"பறவை வயிறு."

மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். மேட்டில் புகை விடும் ஒரே கொட்டகை டல்சியுடையதுதான். ஆம்ப்ரோஸ் மட்டும் திரும்பவில்லை. துப்பாக்கியை உறையோடு எடுத்து, குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினான். விசாரணை முடியும்வரை துப்பாக்கி அதிகாரியிடம் இருக்கும். படகும் மேடையை விட்டு நகரக் கூடாது. டல்சி ஜன்னலிலிருந்து பின்வாங்கினாள். பின்வாங்கியது தெரிந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

ஈஸ்ட் தீர்ந்துபோயிருந்தது. போகாமல் இருந்தால் இன்னும் மோசம் என்று கடைக்குப் போனாள். வாசல் மணி அடித்ததும் உள்ளே பேச்சு நின்றது. கடைக்காரன் ஹெட்லி கல்லாவுக்குப் பின்னால் முட்டையை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஈஸ்ட் இருக்கா ஹெட்லி?"

"இருக்கு அத்தை. எந்தப் பக்கத்துல வெளஞ்சதுன்னு மட்டும் பாத்துச் சொல்லிட்டு எடுத்துக்கோங்க."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். பலசரக்கு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஹெட்லி, அந்த முட்டையை மூடி வை. எந்தக் கோழி போட்டுச்சுன்னு தெரிஞ்சுட்டா கோழிக்கு ஆபத்து."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். டல்சியும் சிரிக்கப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை. ஈஸ்டை வாங்காமலே வெளியே வந்தாள். மேட்டில் ஏறும்போது காது எரிந்தது, குளிரால் இல்லை.

அதன்பின் ஒரு சாக்கும் வரவில்லை. மற்றவர்கள் சுடாமல் இல்லை. படகுகள் போயின, வந்தன. ஆனால் சாக்குகள் அவள் வீட்டைத் தாண்டிப் போயின. ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் ஆண்களும் பெண்களும் குந்தி உட்கார்ந்து கையாலேயே இறகு பிடுங்கினார்கள். டர் பறவையின் இறகு லேசில் வராது. விரல் நகம் கழன்றுவிடும். துறை முழுக்க இறகு பறந்தது. வேலியில் ஒட்டியது, தேவாலயப் படியில் சேர்ந்தது, டல்சி உலர்த்திய துணியில் வந்து உட்கார்ந்தது. பனி பெய்யாத நாளிலும் பனி பெய்ததுபோல இருந்தது. ஒரு இறகு பறந்தால்கூட அது தன்னைப் பற்றிப் பேசுவதாக அவளுக்குப் பட்டது.

மனசு ஒரு கைப்பிடியைத் தேடிக்கொண்டது. சொன்னது தப்புதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் பொய்யா சொன்னாள்? அவன் போனான்தானே? கோட்டுக்குள் போய்விட்டுப் போகவில்லை என்று மேடையில் நின்று அடித்துச் சொல்கிறானே, அது மட்டும் சரியா? ராத்திரியும் பகலும் அந்தக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அது இருந்ததால்தான் சோறு இறங்கியது.

மிரேய் இரைப்பைகளை வாங்கிப்போக வந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

"அத்தை, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்னு எடுத்து வந்தேன். வடக்குத் துறையில தலையோட குடுத்தாங்க."

மேசையில் இரண்டு பறவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தாள். இரண்டும் டர். முதுகு ஒன்று, வயிறு ஒன்று, கனம்கூட ஒன்று. மிரேய் விரலால் அலகைத் தொட்டாள். ஒன்றுக்கு அலகு மெலிந்து நீண்டு இருந்தது. மற்றதற்குக் கொஞ்சம் குட்டையாக, தடிப்பாக. வாயோரத்தில் சுண்ணாம்பால் இழுத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு.

"ரெண்டும் அக்கா தங்கச்சி பிள்ளைங்க மாதிரி. ஒரே தண்ணியில நிக்கும், ஆனா ஒரே தட்டுல கை வைக்காது. இந்த மெல்லிசு அலகு மீன் கூட்டத்தைத் துரத்தும், கேப்லின்தான் அதுக்கு உசிரு. இந்த வெள்ளைக்கோடு பனிக்கட்டியோட வடக்கேர்ந்து வர்றது. ஆழமாப் போயி, கிடைக்கிறதை வழிச்சு வாய்ல போட்டுக்கும். பூச்சி, இறால், தரை மீனு, எல்லாம்."

டல்சி கத்தியை எடுத்தாள். மெல்லிய அலகைத் திறந்தாள். வெள்ளி. வெள்ளைக்கோட்டைத் திறந்தாள். சிவப்பு மேசையில் வழிந்து, மடங்கிய ஓரத்தில் தேங்கியது.

"இது எங்க சுட்டது?"

"ரெண்டுமா? ஒரே எடம். ஒரே காலைல. ஒரே வெடியில விழுந்திருந்தாலும் ஆச்சரியமில்ல."

"ஓநாய்ப் பாறையா?"

"ஐயோ, இல்ல அத்தை. அது எங்க, இது எங்க. இது வடக்குத் துறைக்குப் பின்னாடி."

டல்சி முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கார்லண்ட் கடுங்குளிரில் மட்டுமே பாறைக்குப் போனான். பனிக்கட்டி வந்தபின் மட்டும். வெள்ளைக்கோட்டுப் பறவை வருவதும் அப்போதுதான். அவன் விரிகுடாவிலேயே நின்றிருந்தாலும் அந்த மாதத்தில் மேசை சிவந்துதான் இருக்கும். சிவப்பு பாறையுடையது அல்ல, பறவையுடையது. இத்தனை வருஷம் அத்தனை வயிற்றைத் திறந்தவள், ஒன்றின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

ஆம்ப்ரோஸ் போகவில்லை.

"உங்க ஊர்ல மட்டும் தலையை வெட்டிடறாங்க. அதான் எனக்குப் பெரிய கஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே மிரேய் பைகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். திரும்பிப் பார்த்தாள். "அத்தை? என்ன ஆச்சு, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சூடு. அடுப்புச் சூடு."

அவள் போனதும் டல்சி போனை எடுத்தாள். இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டுப் பாதியில் நிறுத்தினாள். காட்டிக் கொடுத்தவள் என்ற பெயரோடாவது வாழ்ந்துவிடலாம். அதில் குறைந்தபட்சம் விஷயம் தெரிந்தவள் என்பது இருந்தது. இப்போது அதையும் தன் வாயாலேயே எடுத்துப் போட வேண்டும். மூன்றாவது முறை வேட் எடுத்தான்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு, வேட்."

"எது அத்தை?"

"பாறை. அந்தச் சிவப்பு எங்க வேணா வரும். மிரேயைக் கேளு. ஆம்ப்ரோஸ் அங்க போகல."

"போகலன்னு இப்ப எப்படித் தெரியும்?"

"போனான்னும் எனக்குத் தெரியாது."

"சத்தியம் பண்ணீங்களே அத்தை."

"தெரியாமப் பண்ணேன்."

"இத்தனை வருஷம் பாத்தும் தெரியாமலா?"

"இத்தனை வருஷமும் தெரியாமதான் பாத்தேன்." போனை வைத்துவிட்டாள்.

சில நாளில் துப்பாக்கி திரும்பி வந்தது. வேட் அதே மேடையில், அதே ஆட்கள் முன்னால் கொடுத்தானாம், மன்னிப்பும் கேட்டானாம். ஓநாய்ப் பாறையில் வெடித்தது யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பனிக்கட்டி பிளந்த சத்தம் என்பவர்களும் உண்டு. துப்பாக்கி வந்தது, சாக்கு வரவில்லை. டல்சி கோட்டை மாட்டிக்கொண்டு ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு நடந்தாள். ரொட்டி எடுத்துப்போகலாமா என்று யோசித்தாள். வேண்டாம், விலை பேசுவதுபோல ஆகிவிடும்.

அந்தத் துறையில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தள்ளிக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போய் நாற்காலியை இழுப்பதுதான் வழக்கம். தட்டுகிறவர்கள் வெளியாட்கள்: போலீஸ், அதிகாரி, மத்தாப்பு மாதிரிச் சிரித்துக்கொண்டு பைபிள் விற்க வருகிறவர்கள். இந்தக் கதவை டல்சி எத்தனை தடவை தோளால் தள்ளியிருக்கிறாள் என்று அதற்கே தெரியாது. இன்று கை தாழ்ப்பாள்வரை போனது, அதைத் தொட மாட்டேன் என்றது. தட்டினாள்.

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. "தட்டுறாங்க!" என்று ஆம்ப்ரோஸின் பெண்டாட்டி மில்லியின் அடங்கிய குரல். ஏதோ உருண்டது. ஃப்ரீசர் மூடி தடாலென்று விழுந்தது. "துணியைப் போட்டு மூடு, துணியை!" என்று ஆம்ப்ரோஸ். பிறகு கதவு ஒரு கை அளவு திறந்தது. மில்லி கையில் தட்டுத் துடைக்கும் துணியோடு நின்றாள்.

"நீயா? அட கடவுளே, உசிரே போயிடுச்சு. எதுக்குடி தட்டுன?"

மில்லிக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. முகம் இறுகியது.

"சரிதான். தட்டுற ஆள்தானே நீ இப்ப."

வழி விட்டாள். டல்சி மிதியடியைத் தாண்டவில்லை. பூட்ஸிலிருந்து பனி உருகி அதைச் சுற்றி ஒரு குட்டையானது. ஆம்ப்ரோஸ் மேசையருகே எழுந்து நின்றிருந்தான்.

"நீ அங்க போகல" என்றாள்.

"அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்."

"நான் நம்பல."

"தெரியும்."

"சிவப்பா இருந்தா பாறைதான்னு நெனச்சிட்டிருந்தேன், ஆம்ப்ரோஸ். அது பறவைல இருக்குதாம். ரெண்டு ஜாதியாம் அது. தலை இருந்தாத்தான்..." முடிக்க முடியவில்லை. எவ்வளவு சொன்னாலும் விளக்கம் விளக்கமாகவே இருந்தது.

ஆம்ப்ரோஸ் மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தான். "வேட் நம்பலேன்னா அது அவன் சம்பளம். நீ..." நிறுத்தினான். "கார்லண்டு இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"கார்லண்டு இருந்தா நீங்க ரெண்டு பேரும் நெஜமாவே பாறைக்குப் போயிருப்பீங்க" என்றாள் மில்லி அடுப்புப் பக்கமிருந்து. "துப்பாக்கியோட படகும் போயிருக்கும்."

ஆம்ப்ரோஸ் இருமினான். சிரிப்பா என்று சொல்ல முடியாது. மில்லி, வாசலில் ஆள் வந்தால் கை தானாகச் செய்கிற வேலையை அதற்குள் செய்துவிட்டிருந்தாள்: கெட்டிலைத் தூக்கி அடுப்பின் சூடான பக்கம் வைத்திருந்தாள். டல்சி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை மில்லி பார்த்தாள். கெட்டிலை மறுபடி ஆறின பக்கத்துக்கு நகர்த்தினாள்.

"சரி, வரேன்" என்றாள் டல்சி. அந்த வீட்டிலிருந்து அவள் டீ குடிக்காமல் வெளியே வந்தது அதுதான் முதல்முறை.

ஒரு வாரம் போயிருக்கும். கொட்டகைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஆம்ப்ரோஸ் வந்தான். நீலக் கயிறை அவிழ்த்துச் சாக்கைக் கவிழ்த்தான். டர் பறவைகள் தகரத்தில் சரிந்தன. எல்லாவற்றுக்கும் தலை இருந்தது. கழுத்துகள் மேசை விளிம்பில் வரிசையாகத் தொங்கின. அரைக்கண் மூடிய முகங்கள் அவளையே பார்த்தன.

"நல்லாப் பாத்துக்க" என்றான். "அப்புறம் சொல்லு, யாரு எந்த ஊருன்னு."

அவள் உருளையைச் சுழலவிட்டாள். சத்தத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கையால் பிடுங்கி நகம் தேய்ந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எல்லாரும் தலையோடு. ஊருக்கு அது புது விளையாட்டாகிவிட்டது. "தலை இருக்கு அத்தை, அறிமுகம் பண்ணிக்கோங்க." "இவரு வடக்கத்திக்காரரு, காரமாச் சாப்பிடுவாரு." ஹெட்லி ஒரு பறவையின் கழுத்தில் சிவப்பு நாடாவில் பெயர் எழுதிக் கட்டி அனுப்பினான். டல்சி ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். இப்போது முகம் ஒத்துழைத்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகும் கன்னம் எரிந்துகொண்டே இருந்தது. வேலை முன்னைப்போலவே இருந்தது. ஒன்றை மட்டும் அவள் கவனித்தாள். முன்பெல்லாம் அடுப்பருகே நின்று, காற்று எங்கே திரும்பியது, கூட்டம் எங்கே இருந்தது, எவன் குறி தவறித் தண்ணீரைச் சுட்டான் என்று பேசித் தீர்ப்பார்கள். இப்போது சாக்கைப் போட்டுவிட்டு, எப்போ வரட்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எங்கே சுட்டோம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒல்லியான பறவை ஒன்றுகூட வரவில்லை. தலையோடு காட்ட முடியாதவை வேறெங்கோ, யார் வீட்டுப் பின்வாசலிலோ, கையால் பிடுங்கப்பட்டன. அவள் கொட்டகைக்கு வந்தவை எல்லாம் சட்டப்படி சுத்தமானவை. அந்தச் சுத்தம் அவளை அறைந்தது.

பருவம் முடியும் தறுவாயில், பனிக்கட்டி விலகத் தொடங்கியிருந்தபோது, ஆம்ப்ரோஸ் மறுபடி வந்தான். சாக்கைக் கவிழ்த்தான். தலை, தலை, தலை. கடைசியாகச் சாக்கின் அடியைப் பிடித்து ஒரு உதறு உதறினான். ஒரு பறவை விழுந்தது. சின்னது, ஒல்லி. கழுத்தோடு அறுபட்டிருந்தது, தலை இல்லை.

டல்சி அதைக் கையில் எடுத்தாள். கனத்திலேயே டிங்கர் என்று தெரிந்தது. ஆம்ப்ரோஸ் அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே எதையோ தேடுவதுபோல நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன, ஒல்லியா இருக்குன்னு சொல்லலையா?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள்.

அவன் ஒரு விறகை எடுத்து உள்ளே போட்டான். இரண்டு பெரிய பறவைகளை மேசை மூலைக்குத் தள்ளினான். இது கார்லண்டோடது என்று மட்டும் சொல்லவில்லை. டல்சி அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை என்றதும் அந்தச் சின்னப் பறவையை உருளையில் பிடித்தாள், பொசுக்கினாள், வயிற்றைக் கீறினாள். இரைப்பை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, கனமாக, இளஞ்சூடாக. அதைத் திறக்காமலே அடுப்பில் போட்டு, கதவைச் சாத்தினாள்.